கார்த்திகையில் விதைக்கும் வசந்தக் கோதுமை

உலகில் விளையும் கோதுமையைத் தாவர நூலார் இரு பெரும் பிரிவாக வகுப்பர். ஒன்று குளிர்காலக் கோதுமை. மற்றது வசந்தக் கோதுமை. இவற்றைத் தமிழில் எழுத முற்படும்போது பெயர்களே நம்மைச் சிறிது மயக்கிவிடுகின்றன. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் கோதுமை விதைப்பது ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும். பயிர் வளர்வது மார்கழி, தை மாதத்துப் பனியில். அறுவடை பங்குனி, சித்திரையில். குளிர்காலம் முழுவதும் நிலத்தில் நின்று வளரும் பயிரைக் குளிர்காலக் கோதுமை என்பதுதானே முறை? ஆயினும் இந்தியச் சமவெளியில் விளைவது வசந்தக் கோதுமையே.

இப்பெயர் விதைக்கும் பருவத்தைக் குறிப்பதன்று. விதையின் இயல்பைக் குறிப்பது. குளிர்காலக் கோதுமை முளைத்த பிறகு பல வாரம் கடுங்குளிரை அனுபவித்தாக வேண்டும். அந்தக் குளிர் பட்டாலொழிய அதற்குக் கதிர் விடும் எண்ணமே தோன்றாது. ருஷியாவிலும் அமெரிக்காவின் கான்ஸாஸ் பகுதியிலும் இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டுப் பனியின் கீழ் உறங்கிக் கிடந்து, மறு கோடையில் முற்றுவது இவ்வகை. வசந்தக் கோதுமைக்கு அத்தகைய தவம் வேண்டுவதில்லை. பனிக்காலம் மிகக் கொடிதாயுள்ள கனடாவின் மேற்குச் சமவெளியில், பனி உருகியபின் ஏப்ரல், மே மாதங்களில் இதை விதைத்து அவ்வாண்டே அறுத்துவிடுகிறார்கள். நம் நாட்டுச் சமவெளியின் குளிரோ கனடாவின் வசந்தத்தை ஒத்தது. ஆகவே அங்கே வசந்தத்தில் போடும் இனம் இங்கே கார்த்திகைக்குப் பொருந்துகிறது. குளிர்காலக் கோதுமையை டில்லி வயலில் விதைத்தால் அது புல்லைப் போலத் தழைத்துத் தூர் கட்டிக்கொண்டே இருக்கும். கதிர் ஈனுமுன் வெயில் வந்து அதைக் கருக்கிவிடும்.

இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொண்டால், நமது தேசத்தின் கோதுமை வரலாற்றில் பல திருப்பங்கள் விளங்கும். வட நாட்டில் குடியேறி, அரிசிச் சோற்றோடு சப்பாத்தியையும் வீட்டுணவாக்கிக்கொண்ட நாம், அந்த மாவு எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட விதையிலிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தது குறைவு. விதைத் தேர்வு உழவனுக்குச் சிறிய செயலன்று. ஆண்டுக்கு ஒரே முறைதான் அவன் கோதுமை விதைக்கிறான். தவறான ரகத்தைத் தேர்ந்தால் அதைத் திருத்திக்கொள்ள மறு கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். தேசம் முழுவதற்கும் தேர்வதில் தவறினால் நேர்வது பஞ்சம்.

பீகாரில் பூசா என்னும் ஊரில் 1905இல் மத்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பொருளாதாரத் தாவர நூல் நிபுணராக வந்த ஆல்பர்ட் ஹோவார்டும், அவருக்கு நிகராகவே உழைத்த அவர் மனைவி கேப்ரியலும் இந்தியக் கோதுமை வயல்களை ஆராய்ந்தபோது, ஒரே வயலில் பல இனங்கள் கலந்து நிற்பதைக் கண்டார்கள். மீசையுள்ள கதிரும் மீசையற்ற கதிரும், சிவந்த மணியும் வெளுத்த மணியும் ஒரே களத்தில் சேர்ந்து வந்தன. இக்கலப்பு உழவனுக்கு ஒருவகைக் காப்பீடாகவும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை; ஒன்று போனால் ஒன்று நிற்கும். ஆயினும் விளைச்சல் உயரவில்லை. ஹோவார்டு தம்பதியர் செடி செடியாகப் பொறுக்கி, ஒவ்வொன்றின் வழித்தோன்றல்களையும் தனித்தனியே வளர்த்து, பூசா 4, பூசா 12 முதலிய ரகங்களை உண்டாக்கினார்கள். 1909இல் அவர்கள் வெளியிட்ட ‘இந்தியாவில் கோதுமை’ என்ற நூல் நெடுங்காலம் இத்துறைக்கு அடிப்படை நூலாய் விளங்கிற்று. 1934இல் பீகாரைக் குலைத்த பூகம்பத்தில் பூசா நிலையம் இடிந்தது. 1936இல் அது டில்லிக்கு மாறியது. இடம் மாறினாலும் பெயர் மாறவில்லை. டில்லிவாசிகளான நம்மவர் அந்நிலையத்தின் அருகே செல்லும் பூசா சாலையில் நடக்கும்போது பீகாரத்துக் கிராமம் ஒன்றின் பெயரைத்தான் உச்சரிக்கிறார்கள்.

பஞ்சாபில் லயால்பூர் விவசாயக் கல்லூரியும் இதே பணியில் ஈடுபட்டிருந்தது. அங்கே ராம் தன் சிங் உருவாக்கிய சி-518, சி-591 ஆகிய ரகங்கள் பிரிவினைக்கு முன்பே வட மேற்கு இந்தியா முழுவதும் பரவின. சி-591 மாவின் மென்மையைப் பஞ்சாபியர் இன்றும் புகழக் கேட்கலாம்.

எனினும் மணியின் அழகையும் மாவின் சுவையையும் கெடுக்கும் பகை ஒன்று காற்றில் இருந்தது. அதுவே துருநோய். கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என அது மூவகைப்படும். இலையிலும் தாளிலும் துருப் பிடித்தாற்போலத் தூள் படிந்து, சில வாரங்களில் பயிரின் உயிரை உறிஞ்சிவிடும். 1946-47இல் மத்திய இந்தியாவில் கருந்துரு பரவியபோது பல வயல்களில் அறுப்பதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த நோய் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு விடை கண்டவர் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா. சமவெளியின் கோடை வெப்பத்தில் துருக் காளானின் வித்துக்கள் மடிந்துவிடுகின்றன என்பதை அவர் நிறுவினார். அவ்வாறாயின் அவை உயிர் பிழைப்பது எங்கே? மலைகளில். வடக்கே இமயத்தின் சரிவுகளிலும், தெற்கே நம் நீலகிரியிலும் பழனி மலையிலும், ஆண்டு முழுவதும் நிலவும் குளிர்ச்சியில் கோதுமைத் துரு தங்கியிருந்து, பருவம் வந்ததும் காற்றேறிச் சமவெளிக்கு இறங்குகிறது.

கோதுமைக்கும் தமிழ் நாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணுவோர் இதைக் கவனித்தல் வேண்டும். வங்கக் கடலில் கார்த்திகையில் எழும் புயல்களின் காற்று, நீலகிரியிலிருந்து கருந்துருவின் வித்துக்களைச் சுமந்துபோய் மத்திய இந்திய வயல்களில் மழையோடு பெய்துவிடுகிறது என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டு கூறியிருக்கின்றனர். நோய் தங்கும் இடத்திலேயே மருந்தைத் தேடுவது முறையல்லவா? நீலகிரியில் வெலிங்டனில் டில்லி நிலையத்தின் கிளை ஒன்று அமைந்தது. துருநோய் ஓயாது தாக்கும் அவ்விடத்தில் ஒரு செடி பிழைத்து நின்றால், அது எங்கும் நிற்கும். மற்றொரு நன்மையும் உண்டு. சமவெளியில் சித்திரையில் அறுத்த விதையை மலையில் கோடையிலேயே மீண்டும் விதைத்து, ஓராண்டில் இரு தலைமுறை காணலாம். புதிய ரகமொன்றை உருவாக்க வேண்டிய ஆண்டுகள் இதனால் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

டில்லி நிலையத்தின் தலைவராயிருந்த பி. பி. பால் மூவகைத் துருவையும் தாங்கக்கூடிய என்.பி. 809 என்ற ரகத்தை 1954இல் வெளியிட்டார். ரோஜாச் செடிகளின்பாலும் பெருங்காதல் கொண்டவர் அவர். கோதுமையில் காட்டிய பொறுமை அங்கிருந்து வந்ததோ என்று நாம் எண்ணுவதுண்டு. ஆயினும் அவருடைய ரகங்களும், அவற்றுக்கு முந்தியவை அனைத்தும், ஒரு விஷயத்தில் தோற்றன. அவை நெடிய தாள் உடையவை. மாட்டுக்கு வைக்கோலும் மனிதனுக்கு மணியும் தரவேண்டிய பயிர் நெடிதாய் இருப்பதையே உழவர் விரும்பினர். வறண்ட நிலத்தில், எருவும் நீரும் குறைந்த இடத்தில், அது நல்ல குணமே. ஆனால் சிந்திரி முதலிய தொழிற்சாலைகளிலிருந்து உரம் வரத் தொடங்கியதும் கதை மாறிற்று. தழைச்சத்து ஏற ஏறக் கதிர் கனத்தது. கனத்த கதிரைத் தாங்காமல் தாள் சாய்ந்தது. சாய்ந்த பயிரில் மணி பருக்காது. உரத்துக்குச் செலவிட்டவன் செலவிடாதவனைவிடக் குறைவாக அறுத்த விந்தையும் நேர்ந்தது. ஹெக்டேருக்கு 1 டன்கூடக் கிட்டாத நிலையில் நாடு நின்றது.

குட்டையான கோதுமை ஜப்பானில் இருந்தது. அங்கே 1935இல் வெளியான நோரின் 10 என்ற ரகம் முழங்காலுக்குச் சற்றே மேலாக வளரும். யுத்தத்துக்குப்பின் 1946இல் அதன் விதை அமெரிக்கா சென்றது. வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வில் வோகெல் என்பார் அதைத் தம் நாட்டு இனங்களோடு கலந்து, மிகுதியாய் விளையும் குட்டை ரகங்களை உண்டாக்கினார். டில்லியில் அப்போது கோதுமை ஆராய்ச்சியை மேற்கொண்டிருந்த எம். எஸ். சுவாமிநாதன் இச்செய்தியைப் படித்து வோகெலுக்கு எழுதி விதை கேட்டார். கும்பகோணத்தில் பிறந்து டில்லியில் வாழ்ந்த அவரை நாம் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. வோகெல் விதையை அனுப்பினார். கூடவே ஒரு எச்சரிக்கையும் விடுத்தார். தம்முடையது குளிர்காலக் கோதுமை; இந்தியச் சமவெளியில் அது பயன்படுவது ஐயமே. அதே குட்டைத் தன்மையை வசந்தக் கோதுமையில் ஏற்றியிருப்பவர் மெக்சிகோவில் இருக்கும் நார்மன் போர்லாக்; அவருக்கு எழுதுக என்பதே அவர் யோசனை.

தம் விதையை விற்க விழையும் உலகில், தம் விதை பிறர் நிலத்துக்கு ஆகாது என்று எழுதிய அந்த மனிதரின் நேர்மை நம் உணவு வரலாற்றில் ஓரிடம் பெறத் தக்கது. குளிர்காலக் கோதுமையை வைத்துக்கொண்டு நம்மவர் மேலும் சில ஆண்டு போராடியிருந்தால், 1965, 1966 ஆகிய இரு வறட்சி ஆண்டுகளை நாம் எவ்வாறு கடந்திருப்போம் என்று கூற இயலாது.

போர்லாக் 1944 முதல் மெக்சிகோவில் உழைத்து வந்தார். காலத்தைச் சுருக்கும் பொருட்டு ஆண்டுக்கு இரு பயிர் எடுத்தார். குளிர்காலத்தில் வடக்கே சொனோரா மாநிலத்துக் கடலோரச் சமவெளியில் ஒன்று. கோடையில் தெற்கே தொலூக்காவின் உயர்ந்த மலைநிலத்தில் மற்றொன்று. இவ்வாறு இரண்டு இடத்திலும் தேறியவற்றையே வைத்துக்கொண்டதால், அவர் எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்தாத கோதுமை பிறந்தது. நமது சம்பா நெல் பகல் குறுகும் காலம் பார்த்தே பூக்கும் என்பதை உழவர் குடியில் பிறந்த நேயர்கள் அறிவார்கள். கோதுமையிலும் அத்தகைய கட்டுப்பாடு உண்டு. அக்கட்டு அறுந்த இனம் எந்த நாட்டிலும் பயிராகும். சொனோராச் சமவெளியோ பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய டில்லி இருக்கும் தொலைவிலேயே உள்ளது.

1963 மார்ச்சில் போர்லாக் இந்திய வயல்களைச் சுற்றிப் பார்த்தார். அவ்வாண்டு விதைப்புக்கு சொனோரா 63, சொனோரா 64, மேயோ 64, லெர்மா ரோஹோ 64 ஆகிய நான்கிலும் 100 கிலோ வீதமும், இன்னும் முற்றுப்பெறாத 600க்கும் மேற்பட்ட இனங்களில் சிறிது சிறிதும் வந்து சேர்ந்தன. டில்லி, லூதியானா, பூசா, கான்பூர் ஆகிய இடங்களில் அவை சோதிக்கப்பட்டன. உரமும் நீரும் ஊட்டிய வயல்களில் பழைய ரகங்கள் படுத்துக் கிடக்க, இவை நிமிர்ந்து நின்று, ஹெக்டேருக்கு 4 டன் அளவில் மணி கொடுத்தன.

புதிய விதைக்குப் பழைய பழக்கம் பொருந்தவில்லை. நெடிய கோதுமையை ஈரம் தேடி ஆழமாக விதைப்பது வட நாட்டு வழக்கம். குட்டைக் கோதுமையின் முளைக்குருத்தும் குட்டை. ஆழத்தில் விழுந்த விதை வெளிச்சம் காணாமலே அழியும். ஆகவே 5 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் விதைக்க வேண்டியதாயிற்று. ஐப்பசியில் விதைத்தால் இது குளிர் முதிருமுன்னே கதிர் விட்டுவிடும். எனவே விதைப்பைக் கார்த்திகைக்குத் தள்ள வேண்டியிருந்தது. விதைத்த 21ஆம் நாளை ஒட்டி, மேல்வேர் இறங்கும் தருணத்தில், முதல் தண்ணீர் தவறாமல் பாய வேண்டும். இவற்றை அறியாது விதைத்தவர்களின் வயல் பாழாய்ப் போயிருக்கும். பழி விதையின் தலையில் விழுந்திருக்கும். டில்லிக்கு அருகே ஜௌண்டி என்னும் கிராமத்தை விதைக் கிராமமாக்கியதும், உழவர் வயல்களிலேயே மாதிரிச் சாகுபடி நடத்தியதும் இதன் பொருட்டே.

1964இல் உணவு மந்திரியாய்ப் பொறுப்பேற்றவர் பொள்ளாச்சி வட்டாரத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். அயல்நாட்டு விதையை நம்பி இருக்கும் விதையைக் கைவிடலாமா என்று கேட்டவர் பலர். புதிய நோய்கள் உடன் வரும் என்றனர் சிலர். அந்நியச் செலாவணி வீணாகும் என்றனர் வேறு சிலர். இவ்வினாக்களை அறியாமை என்று தள்ளுவது நியாயமன்று. ஓரிரு பருவத்துச் சோதனையை வைத்து ஒரு தேசத்தின் விதையை மாற்றுவது துணிச்சலான செயலே. சுப்பிரமணியம் அத்துணிவைக் கொண்டார். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி துணை நின்றார். மந்திரி தமது டில்லி மாளிகையின் புல்தரையை உழுது அங்கே கோதுமை விதைத்தார்.

1965இல் சுமார் 250 டன் விதை வரவழைக்கப்பட்டது. அது வந்த வழி இடையூறு நிறைந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தை அடையுமுன் அந்நகரில் கலவரம் மூண்டது. கப்பல் கடலில் இருக்கும்போதே இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கின. அதே கப்பலில் இரு நாட்டுக்கும் உரிய விதை இருந்தது! வந்திறங்கிய விதையோ, கிடங்கில் பூச்சி மருந்துப் புகையை அளவுக்கு மீறிப் போட்டதால், பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. விதையின் அளவை இரட்டித்துத் தூவி ஒருவாறு சமாளித்தார்கள். அப்படியும் விளைச்சல் பழையதை வென்றது. 1966இல் 18,000 டன் வந்தது. அதுவரை எந்த நாடும் ஒரே முறையில் அவ்வளவு விதையை வாங்கியதில்லை. அதே 1966இல்தான் நாம் பி.எல். 480 திட்டத்தின் கோதுமை உள்படச் சுமார் 1 கோடி டன் தானியத்தை அயல்நாடுகளிலிருந்து பெற்று உண்டோம். ரேஷன் கடை வரிசையில் அந்நாளில் நின்ற பெரியவர்களை நேயர்கள் கேட்டால் அந்த மாவின் நிறத்தையும் மணத்தையும் சொல்வார்கள்.

1964-65இல் சுமார் 1 கோடி 23 லட்சம் டன்னாயிருந்த இந்தியக் கோதுமை விளைச்சல், 1967-68இல் 1 கோடி 65 லட்சம் டன்னை எட்டிற்று. 1968 ஜூலையில் இந்திரா காந்தி ‘கோதுமைப் புரட்சி’ என்ற தபால் தலையை வெளியிட்டார்.

விளைந்தது உண்மை, விரும்பப்பட்டதா? மெக்சிகோ மணி சிவப்பு. நம் நாட்டினர் விரும்புவது பொன்னிற மணி. சிவப்பு மணி சந்தையில் விலை தாழ்ந்தது. அதன் மாவில் சுட்ட சப்பாத்தி ஆறியதும் தோலைப் போலாயிற்று என்ற முறையீடும் எழுந்தது. விஞ்ஞானிகள் இதை இரு வழியாகத் தீர்த்தனர். சொனோரா 64இன் விதையில் காமாக் கதிர்களைச் செலுத்திப் பொன்னிற மணி தரும் சர்பத்தி சொனோராவை 1967இல் பெற்றனர். இதைக் காட்டிலும் பெரும் பயன் தந்தது பொறுக்கு முறை. மெக்சிகோவிலிருந்து முற்றுப்பெறாது வந்த இனங்களிலிருந்து நம் நிலத்துக்கும் நாக்குக்கும் ஏற்றவற்றைத் தேர்ந்தெடுத்தனர். லூதியானா ‘கல்யாண்’ என்றும், டில்லி ‘சோனா’ என்றும் பெயரிட்ட ஒரே இனம் கல்யாண் சோனா ஆயிற்று. மற்றொன்று சோனாலிகா. விதை அயலது, தேர்வு நம்முடையது. சப்பாத்திக்குப் பெயர் பெற்ற நெடிய ரகமான சி-306, 1965இல் வெளியாகி, மழையை நம்பிய நிலங்களில் இன்றளவும் மறையாமல் இருப்பதும் சுவையின் வலிமையினால்தான். மத்தியப் பிரதேசத்திலிருந்து ‘சர்பத்தி’ என்ற பெயருடன் மிகுந்த விலைக்கு வரும் கோதுமையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. பெயர் ஒத்திருப்பினும் அது வேறு, சர்பத்தி சொனோரா வேறு.

நாம் வாழும் ஊரைப் பொறுத்து நம் கோதுமையும் வேறுபடும். பஞ்சாபில் குளிர் நீண்டது. 5 மாதம் நிற்கும் ரகம் அங்கே தகும். கல்கத்தாப் பக்கம் குளிர் குறுகியது. நெல் அறுத்த பின்னரே நிலம் ஒழிகிறது. ஆகவே மார்கழியில் விதைத்தாலும் விரைவில் முற்றும் சோனாலிகாவை வங்கத்து உழவர் பல பத்தாண்டுகள் விடாமல் பற்றியிருந்தனர். மாளவத்துக் கரிசலில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டே விளையும் கடினக் கோதுமை சிறப்புடையது. பம்பாய்வாசிகள் ‘கப்லி’ என்று வாங்குவதும், நம் வீடுகளில் சம்பா கோதுமை ரவை என்று உப்புமா கிண்டுவதும் ஒரே இனமே. துருவை இயல்பாகவே எதிர்க்கும் பழங்குடி அது.

ரகங்களின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பிறந்த ஊர் தெரியும். எச்.டி. என்றால் டில்லி, எச்.ஐ. என்றால் இந்தூர், எச்.டபிள்யூ. என்றால் நம் வெலிங்டன், பி.பி.டபிள்யூ. என்றால் பஞ்சாப்.

நல்ல ரகம் கிட்டியதும் எல்லாரும் அதையே விதைப்பர். இது இயற்கை; அபாயமும் இதில்தான் உள்ளது. எங்கும் பரவிய கல்யாண் சோனாவை 1970களில் துரு வென்றது. 1995இல் வெளிவந்த பி.பி.டபிள்யூ. 343 வட மேற்கில் பெரும்பரப்பை ஆண்டது. அதன் காப்பை உடைக்கும் புதிய மஞ்சள் துரு தோன்றியதும் அதுவும் வீழ்ந்தது. 2011இல் வந்த எச்.டி. 2967 அவ்விடத்தை நிரப்பிற்று. ஹோவார்டு கண்ட கலப்பு வயலுக்கு நாம் திரும்ப முடியாது. ஆனால் ஒரே ஊரில் மூன்று, நான்கு ரகங்கள் அடுத்தடுத்து நிற்குமாறு செய்யலாம் என நிபுணர் கூறுவதை விதை விற்போர் சரிவரக் கேட்பதில்லை என்பது நம் எண்ணம்.

இப்போதைய பகை வெயில். 2022 மார்ச் மாதம், கணக்கெடுப்புத் தொடங்கிய 1901 முதல் கண்ட மார்ச் மாதங்கள் அனைத்திலும் வெப்பம் மிகுந்ததாயிருந்தது. பால் பிடிக்கும் மணிகள் சுருங்கின. மே மாதத்தில் அரசாங்கம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வெயிலுக்குமுன் மணி முற்ற வேண்டுமானால் ஐப்பசியிலேயே விதைக்க வேண்டும். ஐப்பசியில் விதைத்தால் வசந்தக் கோதுமை அவசரப்பட்டுக் கதிர் விட்டுவிடும். இந்தச் சிக்கலை அவிழ்க்க டில்லி நிலையத்தார், சிறிதளவு குளிர் பட்டால்தான் கதிர் ஈனும் குணத்தை வசந்தக் கோதுமைக்குள் அளவாகப் புகுத்தியிருக்கின்றனர். அவ்வாறு உருவான எச்.டி. 3385 போன்ற ரகங்கள் ஐப்பசிப் பட்டத்தில் விதைக்கப்பட்டு, அவசரப்படாமல் தூர் கட்டி, மார்ச் கடைசியின் வெயிலுக்குமுன் மணியை நிரப்பிக்கொள்கின்றன. வோகெல் நமக்கு ஆகாது என்று எச்சரித்த குளிர்காலக் கோதுமையின் குணத்தில் ஒரு சிட்டிகை, அறுபது ஆண்டுகளுக்குப்பின், இவ்வாறு நம் வயலுக்கு வந்திருக்கிறது.